எட்டு மணிக்கு வீடு திரும்பும் போன்

விருதுநகர் மாவட்டத்துக்கு 2018-ல் இரண்டு பட்டங்கள் கிடைத்தன. பிளஸ் டூ தேர்ச்சியில் 97.05 சதவீதத்தோடு மாநிலத்தில் முதலிடம்; முந்தைய ஆண்டும் முதலிடம் இதற்கே. அதே ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டே மாவட்டங்கள் இருந்தன: ராமநாதபுரம், விருதுநகர். பரீட்சையில் முதல் வரிசை, வளர்ச்சியில் கடைசி வரிசை. இது எப்படி என்று கேட்பவர்கள் அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, கிழக்கே திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் பக்கம் ஒருமுறை போய்வரலாம்.

வானம் பார்த்த பூமி. குண்டாறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். கண்மாய்களைச் சீமைக் கருவேலம் பிடித்துவிட்டது. அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவதே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. மழை கைகொடுத்தால் மிளகாய், மல்லி, பருத்தி, குதிரைவாலி. மற்றபடி ஆடு, நூறு நாள் வேலை, அருப்புக்கோட்டை விசைத்தறி, அதுவும் இல்லாவிட்டால் திருப்பூர். இப்படிப்பட்ட மண்ணில் பிழைத்துக்கொள்ளப் படிப்பைத்தான் நம்பினார்கள். 1889-ல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கியவர்கள் வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராஜர் படித்தது அங்கேதான். 1879-ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தவர், மேலே படிக்கத் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் போக வேண்டியிருந்தது. படிக்க வேண்டுமானால் ஊரைவிட்டுக் கிளம்பு என்பது நூறு வருடத்துக்கு மேலாக இங்கே எழுதாத சட்டம்.

இணையம் அந்தச் சட்டத்தை மாற்றும் என்றார்கள். இனிப் பிள்ளை போக வேண்டாம், பாடம் வந்துசேரும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது அந்த வாக்கைச் சோதித்துப் பார்த்தே ஆகவேண்டிய நிலை வந்தது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் நடுவில் கொஞ்ச நாள் திறந்து மூடி, 2021 செப்டம்பர் 1-ல் மறுபடி திறந்தன. ஒன்று முதல் எட்டு வரைக்கும் நவம்பர் 1-ல்தான் மணி அடித்தது. பத்தொன்பது மாதம். 2020-ல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த குழந்தை, வகுப்பறையில் ஒருநாளும் உட்காராமலே இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தது.

அந்த அனுபவத்தையும், அதற்கு முன்னும் பின்னும் பல நாடுகளில் நடந்த சோதனைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. நாம் எல்லோரும் பாடத்துக்குத்தான் தட்டுப்பாடு என்று நினைத்து, பாடத்தைப் படம் பிடித்துக் குவித்தோம். தட்டுப்பாடு பதிலுக்குத்தான் இருந்தது. பிள்ளை போட்ட கணக்கை யாரோ ஒருவர் பார்த்து, இங்கே தப்பு என்று அந்தப் பிள்ளையிடமே சொல்வது. அதைக் கேட்டு அது திருத்திப் போட்டதை மறுபடி பார்ப்பது. இந்தப் போக்குவரத்து நடந்த இடத்தில் மட்டமான போனிலும் படிப்பு ஏறியது. நடக்காத இடத்தில் எவ்வளவு நல்ல வீடியோவும் வீணாய்ப் போனது.

பாடத்துக்குப் பஞ்சமில்லை

கல்வித் தொலைக்காட்சி கொரோனாவுக்காக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது 2019 ஆகஸ்ட் 26-லேயே தொடங்கிவிட்டது. 2018-ல் வந்த புதிய பாடநூல்களின் பக்கங்களில் கியூஆர் குறியீடு இருந்தது. போனைக் காட்டினால் வீடியோ ஓடும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 2011 முதலே இலவச மடிக்கணினி. யூடியூபில் தமிழில் இல்லாத பாடம் இல்லை. ஆக, ஊரடங்கு வந்தபோது தமிழ்நாடு வெறுங்கையோடு நிற்கவில்லை.

போனும் ஓரளவு இருந்தது. தேசிய மாதிரி ஆய்வு 2017-18-ல் எடுத்த கணக்குப்படி இந்தியக் கிராமங்களில் 14.9 சதவீத வீடுகளில்தான் இணைய வசதி. ஆனால் கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பை அளக்கும் ஏசர் ஆய்வில், பள்ளிப் பிள்ளைகள் உள்ள கிராமத்து வீடுகளில் ஸ்மார்ட்போன் 2018-ல் 36.5 சதவீதம், 2020-ல் 61.8 சதவீதம். இரண்டே வருடத்தில் இப்படி ஏறியதைப் பார்த்துப் பலர் நிம்மதி அடைந்தார்கள்.

வீட்டில் போன் இருப்பதும் பிள்ளையின் கையில் போன் இருப்பதும் வேறு வேறு. கரிமூட்டத்துக்குப் போகும் அப்பாவோடு போனும் போகிறது. தறிக்கு ஷிப்டு மாறினால் போன் வரும் நேரமும் மாறும். காலை பத்து மணிக்கு ஆசிரியை வாட்ஸ்அப் குழுவில் போட்ட பாடம், போன் வீடு திரும்பும் ராத்திரி எட்டு மணிக்குத்தான் பிள்ளையின் கண்ணில் படும். வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் அண்ணன் இருந்தால் முதலில் அவனுக்கு. தங்கைக்கு அதற்கப்புறம், அதுவும் ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு போன்’ என்ற கேள்வி எழாத வீடாக இருந்தால். ரீசார்ஜ் முடிந்திருந்தால் அடுத்த கூலி வரும்வரை ஒன்றுமில்லை. அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்தது, 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு. பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரவில்லை.

ஒரு ஆசிரியர் போன் போட்டால் கிடைக்கும் பதில் இப்படி இருக்கும்: “சார், அவன் ஆடு பத்தப் போயிருக்கான். நான் வேலைல நிக்கேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல பேசுங்க, பக்கத்துல ஒக்கார வச்சு ஸ்பீக்கர்ல போடுறேன்.” இந்த அப்பா அக்கறையில்லாதவர் என்று யார் சொல்வார்கள்? நேரத்தை அவர் சொல்லிவிட்டார். கால அட்டவணை போட்டவர்கள்தான் அதைக் கேட்கவில்லை. நகரத்துத் தனியார் பள்ளிகளின் அட்டவணையைப் பார்த்து, காலை பத்து மணிக்கு கூகுள் மீட் என்று வைத்ததில் இந்த வட்டாரத்தில் முதல் கோளாறு தொடங்கியது. 2020 ஜூலையில் மத்திய அரசின் ‘பிரக்யாதா’ வழிகாட்டுதல்கள் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு அமர்வு, அதற்கு மேல் நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்று வரம்பு கட்டின. கண் கெடாமல் இருக்க அந்த வரம்பு உதவியது. அந்த நிமிடங்களுக்குள் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பது வேறு கேள்வி.

476-ம் 234-ம்

மூன்றாம் வகுப்புக் கணக்கு ஒன்று. 502-லிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். விடை 324.

ஆசிரியை நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். ஒரு பிள்ளை 476 என்று போட்டிருக்கிறது. இன்னொன்று 234. கூகுள் படிவத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இரண்டுமே ஒரே சிவப்புக் குறி, ஒரே பூஜ்யம். நோட்டின் படத்தைப் பார்த்தால் கதை வேறு.

476 போட்ட பிள்ளை, ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. 2-லிருந்து 8 போகாது, அதனால் 8-லிருந்து 2 போக 6. 0-லிருந்து 7 போகாது, 7-லிருந்து 0 போக 7. 5-லிருந்து 1 போக 4. கடன் வாங்குதல் என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. 234 போட்ட பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். பத்தாம் இடத்தில் பூஜ்யம் இருப்பதால் அதைத் தாண்டி நூறாம் இடத்துக்குப் போய் ஒன்றை வாங்கி நேராக ஒன்றாம் இடத்தில் போட்டுவிட்டது. 12-லிருந்து 8 போக 4. பிறகு பத்தாம் இடத்துக்கு மறுபடி நூறிடம் போய் ஒரு கடன். 10-லிருந்து 7 போக 3. நூறாம் இடத்தில் 3 மிச்சம், 1 போக 2. எவ்வளவு ஒழுங்கான தப்பு! முதல் பிள்ளைக்குப் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கட்டிக் காட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும்: “நூறை உடைச்சா எத்தனை பத்து? அதுல ஒண்ணை மட்டும் கொடுத்துட்டு மிச்சத்தை எங்க வச்ச?”

இப்படி ஒழுங்காகத் தப்பும் பிள்ளைகளைப் பற்றி அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-லேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். கழித்தலில் மட்டும் டஜன் கணக்கான தப்பு வகைகளைப் பட்டியலிட்டுக் கணினி நிரலாகவே செய்துகாட்டினார்கள். நம் பழைய ஆசிரியர்கள் இதை நிரல் இல்லாமலே அறிந்திருந்தார்கள். பெஞ்சுகளுக்கு நடுவில் நடக்கும்போது தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பதுதான் அவர்களுடைய கருவி. இணையம் வந்ததும் முதலில் பறிபோனது அந்த எட்டிப் பார்வை. அதை ஈடுகட்டக் கிடைத்த வழிகளில் நோட்டுப் படத்தைப்போல மலிவானது எதுவுமில்லை. விடையை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லும் ஆசிரியர், அடித்துத் திருத்திய வரிகளோடு நோட்டுப் பக்கத்தையே அனுப்பச் சொன்னால் போதும். பாதி வேலை முடிந்தது.

படத்துக்குப் பதில் எழுத்தில் போகக் கூடாது என்பது என் கருத்து. குரல் பதிவாகப் போகட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆசிரியை எழுதியதை வாசிக்க வராது. அம்மாவுக்கும் வராமல் இருக்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிடும் டீச்சர் குரலைப் பிள்ளை மூன்று முறை போட்டுக் கேட்கும். தேவாங்கர் வீடுகளில் கன்னடமும், இன்னும் பல ஊர்களில் தெலுங்கும் பேசி வளரும் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் நிறைய. அவர்களுக்கு அச்சுத் தமிழைவிடப் பேச்சுத் தமிழ் சீக்கிரம் காதில் ஏறும்.

இப்படிப் பேசினால் பலன் உண்டா என்பதற்கு நம்மைப் போலவே வறண்ட பூமியான போட்ஸ்வானாவிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. 2020-ல் பள்ளிகள் மூடியபோது, ஆய்வாளர் நோம் ஆங்கிரிஸ்ட் குழுவினர் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். சில வீடுகளுக்கு வாரம் தோறும் கணக்கு, குறுஞ்செய்தியாகப் போனது. சில வீடுகளுக்குக் குறுஞ்செய்தியோடு வாரத்துக்கு ஒருமுறை 15, 20 நிமிடம் ஆசிரியரின் போனும் போனது. ஸ்மார்ட்போன் வேண்டாம், பட்டன் போன் போதும். பெற்றோர் ஸ்பீக்கரில் போட, ஆசிரியர் ஒரு கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து போட்டார். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. போனும் சேர்ந்த வீடுகளில் பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள். பின்னர் இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா என்று ஐந்து நாடுகளில் செய்து பார்த்தபோது பலன் இன்னும் கூடியது. அனுப்புவதற்கும் பேசுவதற்கும் நடுவில் உள்ள தூரத்தை இவ்வளவு சுத்தமாக அளந்து காட்டிய ஆய்வு வேறொன்றை நான் பார்க்கவில்லை.

ஒளிபரப்பின் எல்லை

ஒருவழிப் பாடத்தின் மேல் நமக்குள்ள மோகம் பழையது. 1975-76-ல் அமெரிக்கச் செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழியே பாடம் காட்டினோம். அதன்பின் ஐஐடி பாடங்களைத் தரும் என்பிடெல், கல்விக்கான செயற்கைக்கோள் எஜுசாட், 2017-ல் இணையப் பாடத் தளம் ஸ்வயம். இவற்றால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். எஞ்சினீயரிங் கல்லூரியில் நல்ல பேராசிரியர் கிடைக்காத பிள்ளைக்கு ஐஐடி பேராசிரியரின் பாடம் பெரிய வரம். ஆனால் அந்த வரத்தைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை ஏற்கனவே படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை. ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து நடத்திய எட்எக்ஸ் வகுப்புகளின் ஆறு வருடக் கணக்கை 2019-ல் ஜஸ்டின் ரீச்சும் அவருடைய சகாவும் வெளியிட்டார்கள். பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேல் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 2017-18-ல் பதிந்தவர்களில் படித்து முடித்தவர்கள் 3.13 சதவீதம்.

சல்மான் கான் என்றதும் (நடிகர் இல்லை, கான் அகாதமிக்காரர்) எல்லோரும் அவர் வீடியோக்களைத்தான் சொல்வார்கள். 2004-ல் பாஸ்டனில் இருந்தபடி, நியூ ஆர்லியன்ஸில் இருந்த தன் உறவுக்காரச் சிறுமி நாதியாவுக்குப் போனிலும் யாஹூவின் எழுதுபலகையிலும் கணக்குச் சொல்லிக் கொடுத்ததில்தான் அது தொடங்கியது. சொந்தக்காரப் பிள்ளைகள் கூடக்கூட நேரம் போதாமல் 2006-ல் வீடியோ எடுக்கப் போனார். உலகம் வீடியோவைப் பிடித்துக்கொண்டு நாதியாவை மறந்துவிட்டது.

வீடியோ எடுக்கத்தான் வேண்டுமென்றால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எட்எக்ஸில் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014-ல் பிலிப் குவோ குழுவினர் சொன்னது: ஆறு நிமிடத்துக்கு மேல் மாணவர் கவனம் நிற்பதில்லை, அச்சடித்த ஸ்லைடைவிடக் கையால் எழுதிக்கொண்டே பேசும் வீடியோ அதிகம் பிடித்து வைக்கிறது. அதாவது ஸ்டூடியோ தேவையில்லை. கரும்பலகை, சுண்ணாம்புக்கட்டி, ஐந்து நிமிடம். இது அரசுப் பள்ளி ஆசிரியருக்குக் கைவந்த கலை. வீடியோ முடிந்ததும் மறுபடி பார்க்கச் சொல்வதைவிட, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொல்வது நல்லது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ல் காட்டியபடி, திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட நினைவுபடுத்தி எழுதியவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் தங்கியிருந்தது.

நேரலை வகுப்பைப் பற்றிக் கொஞ்சம். அருப்புக்கோட்டையில் கணக்கு, இயற்பியல் டியூசன் எடுப்பவர்களில் சிலர் ஊரடங்குக்குப் பிறகும் இணைய வகுப்பை விடவில்லை. மழை நாளிலும் திருவிழா நாளிலும் வகுப்பு நின்றுபோவதில்லை. வெளியூர் போன பிள்ளையும் சேர்ந்துகொள்கிறது. பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே நடக்கிறது. கேமராவை மூடிவைத்த நாற்பது கறுப்புக் கட்டங்களைப் பார்த்து, “புரியுதா?” என்று கேட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகும் ஆசிரியரிடம்தான் இது தோற்கிறது. ‘புரியுதா’ என்ற கேள்விக்கு உலகத்தில் எந்தப் பிள்ளையும் ‘இல்லை’ என்று சொன்னதில்லை. கேமராவைத் திறக்கச் சொல்லி வற்புறுத்துவதும் சரியில்லை. ஓட்டு வீட்டின் ஒரே அறையை வகுப்பு முழுக்கப் பார்க்கட்டும் என்று எந்தப் பிள்ளை நினைக்கும்? அதற்குப் பதில், கணக்கை முடித்ததும் காகிதத்தையோ சிலேட்டையோ மட்டும் கேமரா முன்னால் தூக்கிக் காட்டச் சொல்லலாம். அல்லது எல்லோரும் விடையைத் தட்டச்சு செய்து, ஆசிரியர் சொன்ன பிறகே ஒரே நேரத்தில் அனுப்பலாம். முந்திரிக்கொட்டைகள் முதலில் சொல்லி மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதும் வழக்கம் அதோடு நிற்கும்.

இன்னொன்று, காத்திருத்தல். கேள்வி கேட்டதும் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினாலே மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளும் வாய்திறக்கிறார்கள், பதிலும் நீளமாக வருகிறது என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ எழுபதுகளில் கண்டு சொன்னார். டவர் தள்ளாடும் நரிக்குடிப் பக்கம் குரல் போய்வரவே இரண்டு நொடி ஆகும். அங்கே மூன்று நொடி போதாது. ஏழெட்டு நொடி மௌனமாக உட்காரப் பழக வேண்டும். வகுப்பெடுப்பவருக்கு இது கஷ்டமான பயிற்சி.

அட்டையும் செயலியும்

ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் நிலையிலிருந்து பாடம் என்று இன்றைய செயலிகள் விளம்பரம் செய்வதைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. தமிழ்நாடு இதை அட்டையில் செய்து பார்த்திருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றல், ரிஷிவேலிப் பள்ளியிலிருந்து கற்றுக்கொண்டது. படிப்படியாக ஓர் ஏணி, படிக்கு ஓர் அட்டை. பிள்ளை தன் வேகத்தில் ஏறும், தானே குறித்துக்கொள்ளும். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் அருப்புக்கோட்டைத் தொகுதியின் தங்கம் தென்னரசு. அதன்பின் அவர் திருச்சுழித் தொகுதிக்கு மாறினார். அட்டைகள் பின்னர் பரணுக்குப் போய்விட்டன. நிறைய ஆசிரியர்களுக்கு அந்த முறையின் மேல் நியாயமான புகார்களும் இருந்தன. நாற்பது பிள்ளைகள் நாற்பது படியில் நிற்கும்போது ஒருவர் எப்படிக் கவனிப்பது என்பது முதல் புகார்.

அந்தப் புகாருக்குக் கணினி ஒரு பதில் சொல்கிறது என்பதை மறுக்க முடியாது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை மாலை மையங்களில் வைத்து கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியான் செய்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. நாலரை மாதத்தில் அந்தப் பிள்ளைகள் கணக்கில், மையத்துக்கு வராதவர்களைப்போல இருமடங்குக்கும் மேல் முன்னேறினார்கள். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் நாலாம் வகுப்புக் கணக்கில் நிற்கும் பிள்ளைக்கு மென்பொருள் நாலாம் வகுப்புக் கணக்கையே கொடுத்தது என்பதுதான் சூட்சுமம். அந்த மையங்களில் மென்பொருளுக்கு 45 நிமிடம் என்றால் ஒரு மனிதருக்கும் 45 நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆய்வை மேற்கோள் காட்டும் செயலி விற்பனையாளர்கள் இந்த இரண்டாவது 45 நிமிடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 2022-ல் 2,200 கோடி டாலர் என மதிப்பிடப்பட்ட பைஜூஸ் கல்விச் செயலி நிறுவனம் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனதற்குப் பல காரணங்கள். நம் கேள்விக்கு அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, மதிப்பு என்று சந்தை சொன்னது பிள்ளையின் படிப்பை அளந்து சொன்னதல்ல என்பதை மட்டும்.

போன் போதாத ஊரில் ஒரு போனைச் சுற்றி நாலு பிள்ளைகள் உட்காருவதைக் குறையாகவே பார்க்கத் தேவையில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தார். மூத்த மாணவர் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். 1789 முதல் 1796 வரை எழும்பூர் ராணுவ ஆதரவற்றோர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த முறையைக் கைக்கொண்டு, ஊர் திரும்பி 1797-ல் புத்தகம் எழுதினார். இங்கிலாந்தில் ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே பள்ளிகள் நடந்தன. தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கையில் போனைக் கொடுத்து, அவளிடம் ஆசிரியை ஐந்து நிமிடம் பேசிவிட்டால், அந்தத் திண்ணையில் நாலு சின்னப் பிள்ளைகளின் பாடம் அன்றைக்கு நடந்துவிடும். சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்குத்தான் அதில் அதிக லாபம்.

சின்ன வகுப்புகளைப் பொறுத்தவரை, பக்கத்தில் ஆள் இல்லாமல் இணையம் வேலை செய்யாது என்று அடித்துச் சொல்லலாம். இதற்கும் நம் மாநிலத்திலேயே ஆதாரம் உண்டு. 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த இல்லம் தேடிக் கல்வியில், மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் வரை, ஏறக்குறைய இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். மாதம் 1,000 ரூபாய். கோயில் மண்டபம், வீட்டு முற்றம், வேப்பமரத்தடி என்று வகுப்பு நடந்தது. முன்பு சொன்ன சிங், முரளிதரன் இருவரும் ரொமேரோ என்பவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். 2021 டிசம்பரில், 2019-ல் அதே வயதுப் பிள்ளைகள் இருந்த நிலையைவிடக் கணக்கில் பெரிய பின்னடைவு, தமிழில் அதைவிடக் குறைவு. அடுத்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்தது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியின் கணக்கு. இதோடு முழுக்க ஒத்துப்போகாத எண்ணும் உண்டு: மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 2018-ல் 10.2 சதவீதம், 2022-ல் 4.8 சதவீதம் என்கிறது ஏசர். அளவுகோல்கள் வேறு. ஆனாலும் கொரோனாவுக்கு முன்பும் பத்தில் ஒன்றுதான் வாசித்தது என்பதைப் பார்க்கும்போது, எல்லாப் பழியையும் இணைய வகுப்பின் தலையில் கட்ட முடியாது.

தேர்வு விஷயத்தில் சுருக்கமாகவே சொல்லலாம். வீட்டிலிருந்து எழுதும் இணையத் தேர்வை நம்பி மதிப்பெண் போடுவது யாருக்கும் நல்லதல்ல. சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பில் பாடமெல்லாம் இணையத்தில், தேர்வு மட்டும் மையத்துக்கு வந்து நேரில் எழுத வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியில் படித்துப் பட்டம் வாங்கிய இந்த வட்டாரத்து ஆசிரியர்களுக்கு இது புதிய ஏற்பாடே இல்லை: பாடம் தபாலில் வரும், சனி ஞாயிறு நேர்முக வகுப்பு, பரீட்சைக்கு மையம்.

ஆசிரியரின் நேரம்தான் கடைசிச் சிக்கல். வகுப்பில் நாற்பது பேர், வாரம் ஆளுக்குப் பத்து நிமிடம் போன் என்றால் 400 நிமிடம். ஆறு மணி நாற்பது நிமிடம். ஐந்து நாளாகப் பிரித்தால் தினமும் ஒரு மணி இருபது நிமிடம். பகல் முழுக்கப் பள்ளி, எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு, பயிற்சி, கணக்கெடுப்பு எல்லாம் முடித்துவிட்டு, சொந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் நேரத்தில் இதையும் செய் என்று ஓர் ஆசிரியையிடம் கேட்பது அநியாயம். செய்தவர்கள் இருக்கிறார்கள். அதை வழக்கமாக்க நினைத்தால் பகலில் அந்த நேரத்தைக் கழித்துக் கொடுக்க வேண்டும்.

வேறொரு வழியும் உண்டு. 2020 வசந்தத்தில் இத்தாலியில் ஆய்வாளர்கள் மிக்கேலா கார்லானா, எலியானா லா ஃபெராரா இருவரும் பல்கலைக்கழக மாணவர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து, ஏழை வீடுகளின் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒருவராக, வாரம் மூன்று மணி நேரம் இணையத்தில் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். படிப்பு ஏறியதோடு, வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகளின் மனமும் தெளிந்தது. அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கலைக் கல்லூரி இருக்கிறது, எஸ்.பி.கே. கல்லூரி இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் மரம் நட்டுவிட்டார்கள். ஆளுக்கு மூன்று பிள்ளை, வாரம் மூன்று போன் என்று அவர்களுக்கே வரவு எழுதலாம். அவர்களில் பலர் திருச்சுழி, நரிக்குடி ஒன்றியங்களின் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பவர்கள். எந்தத் தெருவில் எந்த நேரத்துக்கு டவர் கிடைக்கும் என்பது வரை தெரிந்தவர்கள். பேசுவது பெற்றோரின் எண்ணில், ஸ்பீக்கரில், ஆசிரியைக்குத் தெரிந்து நடக்க வேண்டும். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று வாரம் ஒருமுறை ஆசிரியை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால் போதும். ரீசார்ஜ் செலவைக் கல்லூரியோ ஊராட்சியோ ஏற்க வேண்டும், மாணவர் கைக்காசில் விடக் கூடாது. நேரம், ராத்திரி எட்டு முதல் ஒன்பது வரை.